மலையைப் பார்த்து காப்பி அடிங்க! தேனி, கம்பம் நகரங்களுக்கு பயோமிமிக்ரி சொல்லும் 5 பாடங்கள்

தேனியிலிருந்து கம்பத்துக்கு பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்திருக்கிறதா? இடதுபக்கம் மேகமலை, வலதுபக்கம் ஏலமலை. நடுவில் வயல், திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, கண்மாய் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகவே போகும். ஆனால், அதே பஸ் ஏதாவது ஒரு டவுனுக்குள் நுழையும்போது நல்ல மழை பிடித்துவிட்டால் காட்சியே மாறிவிடும். அரை மணி நேர மழைக்கே ரோட்டில் தண்ணீர் நிற்கும், சாக்கடை மேலே வரும், டூ வீலர்கள் நடுவழியில் ஆஃப் ஆகும். மறுநாள் மதியம் பார்த்தால், அதே தெருவில் தூசி பறக்கும்.

அதே மழை பக்கத்து மலையிலும்தான் பெய்கிறது. அங்கேயும் வெள்ளம் வரும், மறுப்பதற்கில்லை. கும்பக்கரையிலும் சுருளியிலும் `குளிக்கத் தடை' என்று எத்தனை தடவை செய்தி படித்திருப்பீர்கள்! ஆனால், மழை நின்று பல நாள்கள் ஆன பிறகும் அந்த ஓடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மலை, தான் வாங்கிய மழையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நம் டவுன், வாங்கியதை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு, அடுத்த வாரம் தண்ணீர் லாரிக்கு போன் போடுகிறது.

மலைக்குத் தெரிந்த அந்த வித்தையை டவுன் கற்றுக்கொள்ள முடியாதா? முடியும். அதற்குப் பெயர்தான் பயோமிமிக்ரி.

அது என்ன பயோமிமிக்ரி?

வயக்காட்டு வரப்பில் நடந்துவிட்டு வந்தால் நாயுருவி விதை வேட்டியிலும் பேன்ட்டிலும் ஒட்டிக்கொண்டு வரும் இல்லையா? அதே மாதிரி ஒட்டும் விதை ஒன்று, சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற இன்ஜினீயரின் உடையிலும் அவர் நாயின் ரோமத்திலும் ஒட்டியது. 1941-ல் நடந்தது இது. அவர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கொக்கி கொக்கியாக இருந்தது. இன்று உங்கள் ஷூவிலும் ஸ்கூல் பேகிலும் `டர்ர்ர்' என்று பிரிகிறதே, அந்த வெல்க்ரோ அப்படிப் பிறந்ததுதான். ஜப்பானின் புல்லட் ரயில் மூக்கு மீன்கொத்தியின் அலகைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத ரகசியத்தை வைத்து, அழுக்கு ஒட்டாத பெயின்ட்டே வந்துவிட்டது.

இப்படி இயற்கையின் வித்தையைப் பார்த்து நம் சிக்கலுக்குத் தீர்வு காண்பதை பயோமிமிக்ரி என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜனைன் பென்யஸ் 1997-ல் இதே பெயரில் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது. இயற்கையை மூன்று அளவில் பின்பற்றலாம் என்பார் அவர். முதலாவது, வடிவம். மீன்கொத்தி அலகு மாதிரி. இரண்டாவது, செயல்முறை. ஒரு உயிர் தன் வேலையை எப்படிச் செய்கிறது என்பது. மூன்றாவது, அமைப்பு. ஒரு காடு முழுசாகச் சேர்ந்து எப்படி இயங்குகிறது என்பது. முதலாவது சுலபம். மூன்றாவதுதான் கஷ்டம். ஊருக்குத் தேவைப்படுவதும் அந்த மூன்றாவதுதான்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வார்த்தை, `இயற்கை சார்ந்த தீர்வுகள்'. வெள்ளத்துக்கு கான்கிரீட் சுவர் கட்டாமல் குளத்தைத் தூர்வாருவது, வெயிலுக்கு ஏசி மட்டுமே கதி என்று இருக்காமல் மரம் நடுவது... இதெல்லாம் அந்த வகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பச்சையாக இருப்பதெல்லாம் தீர்வாகிவிடுவதில்லை. நட்டு ஒரு மாதத்தில் காய்ந்துபோன மரக்கன்றும், தண்ணீர் வரும் வழியே இல்லாமல் தூர்வாரிய குளமும் எல்லா ஊரிலும் உண்டு. இதனால்தான் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என்., எதை இயற்கை சார்ந்த தீர்வு என்று சொல்லலாம் என்பதற்கு 2020-ல் 8 அளவுகோல்களை வெளியிட்டது.

இந்த இடத்தில்தான் பயோமிமிக்ரி கைகொடுக்கிறது. `மரம் நடு' என்பதோடு நிற்காமல், `இந்த மண்ணில் காடு எப்படி மரத்தை வளர்க்கிறது, அதைப் பார்த்து நடு' என்கிறது. தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், போடி, கம்பம், சின்னமனூர், கூடலூர், பெரியகுளம் என 6 நகராட்சிகள். எல்லாமே மலையடிவாரத்திலோ, அங்கிருந்து இறங்கும் ஆற்றோரத்திலோ இருப்பவை. டீச்சர் வாசலிலேயே நிற்கிறார். பாடத்துக்குப் போவோமா?

பாடம் 1: காடு பள்ளத்தில் வாங்கும், பார்க் மேட்டில் நிற்கும்

மேகமலையின் உச்சிப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் சோலைக்காடுகள் திட்டுத்திட்டாக இருக்கின்றன. அங்கே ஒரு மழைத்துளி நேராகத் தரையில் விழுவதில்லை. முதலில் உயரமான மரத்தின் இலை, அப்புறம் கீழே இருக்கும் சின்ன மரம், அப்புறம் புதர், அப்புறம் பாசி. கடைசியாக, மெத்தை மாதிரி கிடக்கும் சருகு. ஒவ்வொரு அடுக்கிலும் துளியின் வேகம் குறையும். சருகுக்குக் கீழே மட்கிய மண், வேர் போன வழி, புழு போன வழி என்று ஆயிரம் ஓட்டைகள். தண்ணீர் ஓடுவதற்கு முன்னால் ஊறிவிடும். சரிவுகளில் இருக்கும் புல்வெளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. மிச்சம் வழிவது மடிப்புகளில் இருக்கும் சோலைக்கு வந்து சேரும்.

இப்போது உங்கள் ஊர் பார்க்கை யோசியுங்கள். சுற்றி ஒரு அடி உயரத்துக்குக் கட்டுச்சுவர், உள்ளே மண்ணைக் கொட்டி மேடாக்கி, மேலே புல். மழை பெய்தால் பார்க்கில் இருக்கும் மண் கரைந்து ரோட்டுக்கு வரும். ரோட்டுத் தண்ணீர் பார்க்குக்குள் நுழையவே முடியாது. காடு செய்வதற்கு நேர் எதிர்!

தெருவோர மரங்களின் கதை இன்னும் மோசம். அடிமரம் வரைக்கும் பேவர் பிளாக் பதித்து, சிமென்ட் பூசி, மிச்சம் இருக்கும் அரை அடியிலும் ஃப்ளெக்ஸ் கம்பம் நட்டுவிடுகிறோம். வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. பலமான காற்று அடித்தால் மரம் சாய்கிறது. பழி மரத்தின் மீது விழுகிறது.

தீர்வு ஒன்றும் பெரிய ராக்கெட் சயின்ஸ் இல்லை. பார்க்கையும் ரோட்டோரப் பாத்தியையும் ரோட்டு மட்டத்தைவிட அரை அடி, ஒரு அடி தாழ்வாக வைத்தால் போதும், ரோட்டில் ஓடும் தண்ணீர் தானாக அங்கே வரும். கட்டுச்சுவரில் இடைவெளி விட வேண்டும். சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் அங்கேயே பரப்ப வேண்டும். சீனாவின் `ஸ்பான்ஞ் சிட்டி' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நகரத்தையே பஞ்சு மாதிரி ஆக்கும் இந்த யோசனையை முன்னெடுத்தவர் கோங்ஜியன் யூ என்ற நிலவடிவமைப்பாளர். 2025 செப்டம்பரில் பிரேசிலில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தண்ணீரை விரட்டாதே, நிதானப்படுத்து, இடம் கொடு.

பஞ்சுக்கும் ஒரு அளவு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்பான்ஞ் சிட்டியாக மாறிக்கொண்டிருந்த செங்சோ நகரத்தில் 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது. நகரம் மூழ்கியது. அதனால், இது எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் மந்திரம் கிடையாது. அடிக்கடி வரும் சாதாரண மழையை வீணாக்காமல் பிடிக்கும் பழக்கம். நமக்குத் தேவையும் அதுதானே!

பாடம் 2: கரையான் என்ற இன்ஜினீயர்

நம் ஊரில் புற்றுக்குப் பால் ஊற்றுவோம், மஞ்சள் பூசுவோம். அதைக் கட்டிய கரையானை மட்டும் கண்டுகொள்ள மாட்டோம். ஆனால், ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரத்தில் மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கண்டுகொண்டார். புற்றுக்குள் காற்று போய்வரும் விதத்தை யோசித்து, வழக்கமான ஏசி இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கும் ஈஸ்ட்கேட் சென்டரை வடிவமைத்தார். 1996-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், பயோமிமிக்ரி பேசும் எல்லோரும் காட்டும் உதாரணம். இதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. புற்றுக்குள் காற்று புகைபோக்கியில் போவது மாதிரி மேலே போகிறது என்று நினைத்துத்தான் பலரும் காப்பி அடித்தார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அது நுரையீரல் மூச்சு விடுவது மாதிரி வெளிக்காற்றின் அசைவை வைத்து இயங்குகிறது என்றார்கள். காப்பி அடிப்பதற்கு முன் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்பது இங்கே இலவச பாடம்.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை, ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் இருக்கிறது. யாகூபா சவாடோகோ என்ற விவசாயி, பாறை மாதிரி இறுகிப்போன நிலத்தில் சின்னச் சின்னக் குழிகள் எடுத்தார். அது அந்த ஊரின் பழைய முறைதான். அவர் கூடுதலாகச் செய்தது, குழியில் எருவையும் சருகையும் போட்டது. அதைத் தின்னக் கரையான்கள் வந்தன. வந்தவை மண்ணுக்குள் குடைந்து குடைந்து வழி போட்டன. அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கியது. பயிர் வந்தது, கூடவே மரமும் வந்தது. வறண்ட நிலத்தில் சுமார் 40 ஹெக்டேருக்கு ஒரு காட்டையே உருவாக்கிய அவருக்கு, மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2018-ல் கிடைத்தது. 2023-ல் அவர் மறைந்தார்.

இதை நம் வீட்டு மழைநீர் சேகரிப்புத் தொட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஜல்லியும் மணலும் போட்டு மூடிய அந்தத் தொட்டிகளில் பல, சில வருடங்களிலேயே வண்டல் அடைத்துக்கொண்டன. இன்று பல வீடுகளில் அவை பைப் மட்டும் தெரியும் அலங்காரம். ஜல்லி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாது. ஆனால், வேரும் மண்புழுவும் இருக்கும் குழி, தன் ஓட்டைகளைத் தானே திறந்து வைத்துக்கொள்ளும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழிப்பாத்தி, அதில் மட்கு, மேலே சருகு, நாலு செடி. தொட்டியில் வழிவது பாத்திக்குப் போகட்டும். `கரையானை வீட்டுக்குக் கூப்பிடச் சொல்றீங்களா?' என்று பதற வேண்டாம். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். நமக்கு இங்கே மண்புழுவே போதும்.

இதனால் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும்? 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால், சுமார் 930 லிட்டர். ஏறக்குறைய 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பும் அளவு. ஒரு தெருவில் 50 வீடு என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடம் 3: குளத்தைப் பார்க்காதீங்க, சங்கிலியைப் பாருங்க

மலையோடை எப்படி இறங்கும்? ஒரு பள்ளத்தில் தேங்கும், நிரம்பும், வழிந்து அடுத்த பள்ளத்துக்குப் போகும். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டல் படியும், தண்ணீர் தெளியும், கொஞ்சம் பூமிக்குள் இறங்கும். இதை நம் முன்னோர்கள் பார்த்தார்கள். சமவெளியிலும் அதையே கட்டினார்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். பயோமிமிக்ரி என்ற சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வைகைப் படுகையில் நடந்த பயோமிமிக்ரி இது.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பெரியகுளம், தாமரைக்குளம், அல்லிநகரம்... தண்ணீர் நினைவில்லாத பெயர் குறைவு. தேனி நகரத்தை ஒட்டியே மீறுசமுத்திரம் கண்மாய் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே ராஜவாய்க்கால் ஓடுகிறது. ராஜவாய்க்கால் ஆக்கிரமிப்பு என்பது தேனிக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. வாய்க்கால் சுருங்கினால் இரண்டு நஷ்டம். கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவுக்கு வருகிறது. கண்மாய்க்குச் சாக்கடைதான் மிச்சம்.

கண்மாயைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டு, கலர் லைட்டும் `ஐ லவ்' போர்டும் வைத்தால் இன்ஸ்டாவுக்கு அழகாக இருக்கும். ஆனால், வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் அது தண்ணீர்த் தொட்டி அளவுக்குக்கூட உதவாது. கரையைச் சுற்றிச் செங்குத்தாகச் சுவர் எழுப்புவதும் அப்படித்தான். இயற்கைக் குளத்தின் ஓரம் சாய்வாக இருக்கும். கோரை, நாணல், அல்லி என்று செடிகள் இருக்கும். வரும் தண்ணீரை முதலில் வடிகட்டுவது அவைதான். தவளையும் தட்டானும் குடியிருப்பதும் அங்கேதான். தட்டான் இருந்தால் கொசு குறையும் என்பது போனஸ்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, `வயலகம்' என்ற பெயரில் 1990-களிலிருந்து விவசாயிகளை ஒன்றுசேர்த்துக் கண்மாய்களை மீட்கும் வேலையைச் செய்துவருகிறது. கண்மாயைப் பயன்படுத்துபவர்களே கூடி முடிவெடுப்பதுதான் அதன் அடிப்படை. நகரத்துக் கண்மாய்களுக்கு இப்போது பாசனம் செய்யும் விவசாயி இல்லை. அதனால் கேட்பதற்கும் ஆள் இல்லை. அந்த இடத்தை யார் நிரப்புவது? ரீல்ஸ் எடுக்கப் போகும் நாம் நிரப்பலாம்.

பாடம் 4: ஏலத்தோட்டம் தெரிஞ்சுவெச்சிருக்கும் ரகசியம்

போடியை `ஏலக்காய் நகரம்' என்பார்கள். ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. அதனால், மலையில் பெரிய மரங்களின் நிழலில்தான் அதை வளர்க்கிறார்கள். மேலே மரம், மரத்தில் படரும் மிளகுக்கொடி, கீழே ஏலம், அதற்கும் கீழே சருகு. காட்டின் அடுக்குகளை அப்படியே காப்பி அடித்த விவசாயம். யாரும் அதற்கு ஆங்கிலப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நகரத்தில் இதன் வேறொரு வடிவம்தான் மியாவாக்கி காடு. ஜப்பான் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை. அந்தந்த மண்ணுக்குரிய பல வகை மரங்களை அடுக்கு அடுக்காக நெருக்கி நடுவது. சென்னையில் கோட்டூர்புரத்தில் தொடங்கி இப்போது பல ஊர்களில் பார்க்கிறோம். இதில் எல்லோரும் `நெருக்கி நடு' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். `அந்தந்த மண்ணுக்குரிய' என்பது காதில் விழுவதில்லை.

தேனி டவுன், மேகமலை கிடையாது. மலை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலை வாங்கிக்கொள்ள, இங்கே காற்றுதான் அதிகம் வரும். ஆக, இங்கே காப்பி அடிக்க வேண்டியது உச்சியில் இருக்கும் சோலைக்காட்டை அல்ல. அடிவாரத்தில் வெயிலைத் தாங்கி நிற்கும் வறண்ட காட்டை. வேம்பு, புங்கன், உசில், வாகை, இலுப்பை, ஆத்தி... ஆற்றோரம் என்றால் மருது, நாவல். ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டினால் வரும் உசிலம்பட்டியின் பெயரிலேயே உசில் இருக்கிறதே! இந்த மரங்கள் இலை உதிர்க்கும், வேர் ஆழமாக விடும், கோடையில் தாக்குப்பிடிக்கும். நட்ட முதல் இரண்டு வருடங்கள் காப்பாற்றிவிட்டால், அப்புறம் உங்களிடம் தண்ணீர் கேட்காது.

பச்சைதானே என்று எதையோ நட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று கொண்டுவந்த சீமைக்கருவேலம், கண்மாய்களையே விழுங்கியது. 2022-ல் தமிழ்நாடு அரசு, ஊடுருவும் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட வேண்டியிருந்தது. சீக்கிரம் வளரும், பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் என்று பல இடங்களில் நட்ட கோனோகார்பஸ் மரத்துக்கும் பின்னர் தடை வந்துவிட்டது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்த வேண்டும் என்கிறது. எண்ணிக்கையோடு சேர்த்து எந்த மரம், எந்த இடம் என்பதும் முக்கியம்.

பாடம் 5: காட்டில் குப்பைத்தொட்டி கிடையாது

காட்டில் ஒருவரின் கழிவு, இன்னொருவரின் சாப்பாடு. நம் பாட்டி வீட்டுப் பின்கட்டிலும் அப்படித்தான் இருந்தது. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் வழியில் வாழை, சேம்பு, கல்வாழை. சதுப்பு நிலம் செய்யும் வேலையை நாலு செடி செய்தது. வேரைச் சுற்றி இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், செடி அதை வாங்கி வளரும்.

இதையே கொஞ்சம் கணக்குப் போட்டு, ஜல்லிப் படுகையில் செடி வைத்துக் கட்டினால் அது `செயற்கைச் சதுப்பு நிலம்'. சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் பள்ளியில், `ஆயிரம் ஏரிகளின் நகரம்' என்ற திட்டத்தின் மாதிரியாக இப்படி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். பள்ளியின் கழிவுநீரைச் செடிகள் மூலம் சுத்திகரிப்பதும், மழைநீரைப் பூமிக்குள் அனுப்புவதும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. தேனி, கம்பம், போடியில் இருக்கும் பள்ளி, கல்லூரி, ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எதற்கும் இது பொருந்தும். கண்மாய்க்குள் சாக்கடை போய்ச் சேரும் முன், அதன் வாயில் இப்படி ஒரு படுகை இருந்தால் கண்மாயும் பிழைக்கும்.

லவாசா: இலையை காப்பி அடித்து, மலையை விட்ட கதை

இதெல்லாம் சரி, இந்தியாவில் ஒரு நகரத்தையே இப்படிக் கட்டப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். நம்முடைய அதே மேற்குத்தொடர்ச்சி மலையில்தான். புனே அருகே வரஸ்காவ் அணையை ஒட்டி எழுந்த லவாசா. ஹெச்.ஓ.கே. என்ற சர்வதேச வடிவமைப்பு நிறுவனம், பயோமிமிக்ரி வல்லுநர்களோடு சேர்ந்து அதற்குத் திட்டம் போட்டது. அந்த இடத்தில் இயற்கையாக இருந்திருக்க வேண்டிய ஈரமான இலையுதிர் காடு, மழையை என்ன செய்திருக்கும் என்று கணக்கிட்டு, அதையே நகரமும் செய்ய வேண்டும் என்பது இலக்கு. கூரைக்கு இலையின் நுனி முன்மாதிரி. கனமழையிலும் கூட்டுக்குள் தண்ணீர் புகாமல் திருப்பிவிடும் எறும்பு, வடிகாலுக்கு முன்மாதிரி. உலக அளவில் பாராட்டினார்கள்.

தரையில் நடந்தது வேறு. மலையைக் குடைந்து, வெட்டி நடந்த கட்டுமானத்துக்கு, சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 நவம்பரில் வேலையை நிறுத்தச் சொன்னது. மறு வருடம் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தாலும், திட்டம் எழுந்து நிற்கவே இல்லை. 2018-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இன்று அரைகுறையாக நிற்கும் நகரம் அது.

இலையை காப்பி அடித்தார்கள், எறும்பை காப்பி அடித்தார்கள். அந்த இரண்டும் வாழும் மலையை வெட்டினார்கள். பென்யஸ் சொன்ன மூன்று அளவுகளில், மூன்றாவதை விட்டுவிட்டால் முதல் இரண்டும் வெறும் அலங்காரம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

`பசுமைத் திட்டம்' என்று யாராவது சொன்னால் கேளுங்க!

லவாசா மாதிரி பெரிய நகரம் கட்டும் வேலை நமக்கு இல்லை. ஆனால், நம் வார்டில் ஒரு பார்க், ஒரு குளம், ஒரு குறுங்காடு எப்போது வேண்டுமானாலும் வரலாம். லைக் போடுவதற்கு முன் இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. மழைத்தண்ணீர் இதற்குள் வருமா, இதிலிருந்து வெளியே வழியுமா? பாத்தி ரோட்டைவிடத் தாழ்வா, மேடா?

2. இது குளம் என்றால், தண்ணீர் வரும் வாய்க்கால் எது, மறுகால் எங்கே போகிறது? இரண்டும் திறந்திருக்கின்றனவா?

3. நடப்போகும் மரங்கள் 10 கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் காட்டிலோ, கோயில் தோப்பிலோ இருக்கின்றனவா?

4. சருகும் கழிவுநீரும் எங்கே போகும்? லாரியில் ஏறுமா, மண்ணுக்குத் திரும்புமா?

5. மூன்றாவது வருடம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இந்தக் கேள்விகளைக் கேட்க இடமும் இருக்கிறது. நகராட்சிகளில் வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற அமைப்புகள் 2022 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். மழை பெய்யும்போது தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே நிற்கிறது என்று போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ வேலை செய்யும்.

வீட்டில் செய்ய முடிந்தவையும் உண்டு. வாசல் முழுக்க சிமென்ட் போடாமல் ஒரு ஓரத்தையாவது மண்ணாக விடலாம். தெருமரத்தின் அடியில் சிமென்டைப் பெயர்த்து, நாலுக்கு நாலு அடி திறந்துவிட நகராட்சியில் மனு கொடுக்கலாம். சருகைக் கொளுத்துவதை இன்றே நிறுத்தலாம். குளியலறைத் தண்ணீரை ஒரு வாழைக்காவது திருப்பிவிடலாம்.

மலை இருந்தால்தான் பாடமும் இருக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் பென்னிகுவிக். 1895-ல் அவர் கட்டி முடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில்தான் இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. அந்த நன்றிக்கு இன்றும் அவர் படம் வீடுகளில் மாட்டியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர அவ்வளவு பாடுபட்ட பள்ளத்தாக்கு இது. சொந்தத் தெருவில் விழும் மழையைச் சாக்கடையில் விடுவது எந்தக் கணக்கில் நியாயம்?

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிக்கான காப்பகம் என்று தோன்றினாலும், வைகை பிறக்கும் மலைகளும் அதற்குள்தான் வருகின்றன. அந்தக் காடு மழையைப் பிடித்து வைக்கவில்லை என்றால், கீழே நாம் எத்தனை குழிப்பாத்தி போட்டாலும் ஆற்றில் வருவது வெள்ளமும் வண்டலும் மட்டும்தான். அதேபோல, மேலே காடு எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், கீழே வாய்க்காலை அடைத்துவிட்டால் பலன் வீடு வந்து சேராது.

சென்னை மாதிரி ஊர்கள் கட்டி முடித்ததை உடைத்துத்தான் திருத்த வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தேனி அல்லிநகரத்தின் மக்கள் தொகை சுமார் 94,000தான். இங்கே இன்னும் பிளாட் போடப்படாத நிலம் இருக்கிறது. கண்மாய்கள் பெரும்பாலும் பெயரிலாவது இருக்கின்றன. அடுத்த பத்து வருடங்களில் போடப்போகும் ரோடும் பிளாட்டும் பார்க்கும் இனிமேல்தான் வரப்போகின்றன. அவை வரைபடத்தில் இருக்கும்போதே பேசினால் செலவு ஒரு மனு. கட்டி முடித்த பிறகு பேசினால் செலவு பல கோடி.

அடுத்த மழைக்கு ஜன்னலைச் சாத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் வாசலில் நின்று, உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மனு எழுதுவதற்கான முதல் வரி அங்கேதான் கிடைக்கும்.